ஒசாகாவிலிருந்து வந்த ஓநாய்

அத்தியாயம் ஐந்து

"கண்டுபிடிக்கச் சொல்லி உம்மைக் கூப்பிடல ஓய். அதெல்லாம் நானே கண்டுபிடிச்சாச்சு. நிரூபிக்கத்தான் கூப்பிட்டேன்."

கலீலுர் ரஹ்மான் உட்காரச் சொல்லவில்லை. சோலையப்பன் தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இன்னொரு நாற்காலி இல்லாததால் அவருடைய உதவியாளர் உம்மு ஹானி, ஜப்பானிய எழுத்து அச்சடித்த ஓர் அட்டைப்பெட்டியின் மேல் உட்காரப் போனாள்.

"அதுல உக்காராதே புள்ள. உள்ள சரக்கு இருக்கு."

"பயப்படாதீங்க முதலாளி. நான் லேசானவதான். இந்த ரூம்ல கனமா இருக்கிறது உங்க பேச்சு மட்டும்தான்."

கலீல் பாய் அவளை முறைத்தார். பிறகு சோலையப்பனை. "இதையும் கூட்டிக்கிட்டுத்தான் அலைவீரா?"

"கார் அவளோடது" என்றார் சோலையப்பன்.

2007, ஜூன் மாதம். துபாயில் தேராவின் சப்கா பகுதியில் வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது. காயல்பட்டினத்துக் கலீல் பாய்க்கு அங்கே கீழே கடை, மேலே ஆபீஸ். ஜப்பானிலிருந்து கையடக்க வீடியோ கேம் கருவிகளையும் ஆட்டங்களையும் இறக்கி, தெஹ்ரான்காரனுக்கும் நைரோபிக்காரனுக்கும் விற்பது அவர் தொழில். ஜப்பானில் இந்த வாரம் எந்த ஆட்டம் முதலிடத்துக்கு வருகிறதோ, அதைத்தான் அடுத்த வாரம் எல்லாரும் தேராவில் வந்து கேட்பார்கள். கேட்கும்போது கடையில் இருந்தால் லாபம். அதற்குப் பிறகு வந்தால் வெறும் அட்டைப்பெட்டி.

சோலையப்பன் ஒரு காலத்தில் சென்னையில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, தீப்பிடித்த குடோன்களின் சாம்பலைக் கிளறியவர். துபாய்க்கு வந்தபிறகு, காணாமல் போன சரக்கையும் கசிந்துபோன ரகசியத்தையும் வியாபாரிகளுக்குத் தேடிக் கொடுத்தார். கீழக்கரைக் குடும்பத்தில் ஷார்ஜாவில் பிறந்த ஹானி அவருக்கு டிரைவர், டைப்பிஸ்ட், மொழிபெயர்ப்பாளர். கேட்காமலே கிடைக்கிற விமர்சகரும் அவள்தான்.

"விஷயத்தைச் சொல்லுங்க" என்றார் சோலையப்பன்.

"விஷயம் அந்தக் கண்ணாடிக்கு அந்தாண்டை உக்காந்திருக்கு."

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், பெட்டிகள் அடுக்கிய சிறிய அறையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் மேசையில் கம்ப்யூட்டர் இருந்த இடம் காலி. வயர்கள் மட்டும் தொங்கின.

"ஜலஜா. நாகர்கோவில்காரி. மெட்ராஸ்ல ஜப்பான் பாஷை படிச்சவ. அங்க அடுத்தாப்புல எது விக்கும்னு இங்க உக்காந்தே சொல்லுவா. மூணு வருஷமா சொல்லுதா. தப்பினது குறைவு." குரலில் ஒரு கணம் பெருமை எட்டிப் பார்த்தது. உடனே அதை விழுங்கிக்கொண்டார். "இப்ப ரெண்டு மாசமா, நான் என்ன ஆட்டத்துக்கு ஆர்டர் போடுதேனோ, அதே ஆட்டம் எதிர்ச்சாரியில அகமது கபீர் கடையிலயும் வந்து எறங்குது. எப்படி எறங்கும்? இவ சொல்லாம?"

"இவங்க ஏன் சொல்லணும்?"

"ஜெபல் அலியில எவனோ ஜப்பான்காரன் கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டிருக்கான். என்கிட்ட வந்து என்.ஓ.சி. கேட்டா. முடியாதுன்னுட்டேன். அந்தக் காட்டம்."

பழைய முதலாளி ஆட்சேபனை இல்லை என்று எழுதிக் கொடுக்காமல் அந்த ஊரில் யாரும் வேறு வேலைக்குப் போய்விட முடியாது. அவள் பாஸ்போர்ட்டும் முதலாளியின் இரும்புப் பெட்டியில்தான் இருந்தது.

"சாயங்காலம் அஸர் தொழுதுட்டு நேரே நாயிஃப் போலீஸ் ஸ்டேஷன் போறேன். அதுக்குள்ள இவதான் கபீருக்குச் சொன்னான்னு எனக்கு ஒரு சாட்சி வேணும். போய்க் கபீரைக் கேளும்." விசிட்டிங் கார்டு ஒன்றைத் திருப்பி, அதன் முதுகில் கபீரின் கடைப் பெயரையும் கடை எண்ணையும் மைப் பேனாவால் எழுதினார். முத்து முத்தான தமிழ்.

"இங்கிலீஷ்ல எழுத மாட்டீங்களா?" ஹானி கார்டை வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"வராது. நாப்பது வருஷமா இந்தத் தமிழை வச்சுத்தான் ஜப்பான்காரன்கிட்டயே வியாபாரம் பண்ணுதேன்."

"எங்க வாப்பாகிட்ட சொல்லிடாதீங்க. இங்கிலீஷ் ஸ்கூல்ல என்னைச் சேக்க வீட்டையே அடகு வச்சார்."

சோலையப்பன் எழுந்து கண்ணாடிக் கதவைத் தள்ளினார். ஜலஜா நிமிர்ந்து பார்த்தாள். முப்பது வயதைத் தாண்டியவள். அழுத கண்கள் இல்லை. அதைவிட மோசம். தூங்காத கண்கள்.

"நான் சோலையப்பன்..."

"தெரியும். கதவு மெல்லிசுதான், எல்லாம் கேட்டுச்சு. நீங்க அவரோட ஆள். என்கிட்ட எதுக்குக் கேள்வி? அவர் என்ன எழுதச் சொன்னாரோ அதை எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

"எழுதறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கிறது என் பழக்கம்மா."

"கெட்ட பழக்கம். இந்த ஊர்ல பிழைக்க மாட்டீங்க."

ஹானி மேசை ஓரத்தில் சாய்ந்தாள். "அதைத்தான் நானும் தினம் சொல்றேன் அக்கா. கேக்கிறதில்ல. சரி, அவரை விடுங்க. எனக்குச் சொல்லுங்க. ஜப்பான்ல எது விக்கும்னு இங்கேருந்து எப்படித் தெரியும்? கிளி ஜோசியமா?"

ஜலஜாவுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் பேச்சும் வந்தது.

"ஜோசியம் இல்ல. அங்க ஒரு ஆட்டத்தை விளையாடி முடிச்சவங்க அதைப் பழைய சாமான் கடையில திருப்பி வித்துடுவாங்க. அந்தக் கடைங்க தினமும் வாங்குற விலையை நெட்ல போடும். எல்லாரும் முதல் வாரம் எது வித்துச்சுன்னு பாப்பாங்க. நான் எது கடைக்குத் திரும்பி வரலைன்னு பாப்பேன். திருப்பிக் குடுக்க மனசு வராத ஆட்டம்தான் ரெண்டாவது வாரமும் மூணாவது வாரமும் ஓடும்."

"கடைசியா எதைச் சொன்னீங்க?" என்றார் சோலையப்பன்.

"வெள்ளி ஓநாய். ஒரே ஆட்டம் தங்கம், வெள்ளின்னு ரெண்டு பதிப்பா வந்துச்சு. தங்கத்துல ஓநாய் தனியா வேட்டையாடும். வெள்ளியில நாலு பேரோட கருவியை ஒண்ணோட ஒண்ணு இணைச்சுக் கூட்டமா வேட்டையாடலாம். ஸ்கூல்ல ஒருத்தன் வாங்கினா மீதி மூணு பேரையும் வாங்க வச்சிடுவான். கம்பெனி அது புரியாம தங்கத்தை அதிகமா அடிச்சிருந்துச்சு. வெள்ளிக்குப் பஞ்சம் வரும்னு சொன்னேன். வந்துச்சு."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"ரெண்டே பேர். ஒசாகாவுல நமக்குச் சரக்கு அனுப்புற ஏஜென்ட் மொரிதாவுக்கு ஜப்பான் பாஷையில மெயில் போட்டேன். முதலாளிகிட்ட வாயால சொன்னேன். ஆட்டத்தோட பேரை எப்பவும் ஜப்பான் பாஷையிலதான் சொல்லச் சொல்லுவார். அதோட அர்த்தம்லாம் அவருக்கு வேண்டாம்."

"கபீரைத் தெரியுமா?"

"ரோட்டைத் தாண்டும்போது பாப்பேன். ஒரு வார்த்தை பேசினதில்ல." அவள் கண்ணாடியைப் பார்த்தாள். அந்தப் பக்கம் கலீல் பாய் இவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். "நம்பணும்னு இல்ல. போங்க."

*

அகமது கபீரின் கடை ரோட்டைத் தாண்டியதுமே இருந்தது. ஏ.சி. வேலை செய்யவில்லை. ஒரு மேசை விசிறி, பெட்டிகளை அடுக்கி அதன் மேல் நிறுத்தப்பட்டிருந்தது. அத்தனையும் தங்க நிறப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஓநாய் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

அதிராம்பட்டினத்துக்காரரான கபீர், விஷயத்தைக் கேட்டதும் கல்லாவைத் தட்டினார்.

"ஆமா. அந்தப் பொம்பளைதான் சொன்னா. எனக்கு போன் பண்ணிச் சொன்னா. போலீஸ்ல வந்து சொல்லணுமா? வர்றேன். கோர்ட்டா? அங்கயும் வர்றேன்."

ஹானி சோலையப்பன் பக்கம் குனிந்தாள். "இவ்வளவு வேகமா சம்மதம் சொல்ற ஆளை நான் நிக்காஹ்லதான் சார் பாத்திருக்கேன்."

"என்னா முணுமுணுப்பு?"

"ஒண்ணுமில்ல காக்கா." அண்ணனைக் கூப்பிடுகிற ஊர் வழக்கத்தில் ஹானி குழைந்தாள். "நல்ல மனசுன்னு சொன்னேன். திருட்டுத் தகவல் வாங்கினதை இவ்வளவு தைரியமா ஒத்துக்கிறீங்களே."

"வாங்கினவனுக்கு என்னா கேஸு? சொன்னவளுக்குத்தான் கேஸு. அவ உள்ள போகணும். அதுவரைக்கும் எனக்குத் தூக்கம் வராது."

"அவங்க மேல ஏன் இவ்வளவு கோபம்?" சோலையப்பன் மெதுவாகக் கேட்டார்.

கபீர் பதில் சொல்வதற்குள் ஓர் ஈரானியர் உள்ளே வந்தார். தங்கப் பெட்டிகளைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"பாய், சில்வர் ஹை?"

"சில்வர் மாஃபி." கபீர் இல்லை என்று கையை விரித்தார். "கோல்ட் லே லோ. அச்சா மால் ஹை."

"கோல்ட் நஹி. கல்லி வல்லி" என்று, விட்டுத்தள்ளு என்பதுபோல் கையை உதறிவிட்டு அவர் ரோட்டைத் தாண்டிக் கலீல் பாய் கடைக்குள் நுழைந்தார். கபீர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கழுத்து நரம்பு புடைத்தது.

"இதான் கோபம். கடை முழுக்கத் தங்கம். அங்க வெள்ளி பறக்குது."

"அந்தம்மா உங்களுக்கு என்ன பேர் சொன்னாங்க? அதே வார்த்தையில சொல்லுங்க."

"கின் ஓகாமி. அப்படியே எங்க ஜப்பான்காரன்கிட்ட கேட்டேன், கின் ஓகாமி குடுன்னு. அவன் இதை அனுப்பிட்டான்."

"போன்ல கேட்டது இதே சத்தம்தானா? கிளின்னு சொல்றோமே, அந்த கி?"

"கிளியோ குருவியோ, கின் ஓகாமி. என் காது நல்லாத்தான் இருக்கு. எடத்தைக் காலி பண்ணுங்க. வியாபாரத்தைப் பாக்கணும்."

"எந்த வியாபாரம்?" என்று ஹானி கடையைச் சுற்றிப் பார்த்தாள். சோலையப்பன் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தார்.

*

ஹானியின் பழைய நிசான் சன்னி ஒரு சந்தின் ஓரம், பாதி நடைபாதையில் ஏறி நின்றது. காலையில் அடித்த புழுதிக்காற்று அதன் கண்ணாடி முழுவதும் மண்ணைப் பூசியிருந்தது.

"கதை முடிஞ்சுது சார்" என்றாள் ஹானி. "அக்கா கபீருக்கும் சொல்லியிருக்காங்க. ஆனா வேணும்னே மாத்திச் சொல்லியிருக்காங்க. ஒரே கல்லுல ரெண்டு முதலாளி."

"இதுக்கு முன்னாடி வந்ததெல்லாம் கபீருக்குச் சரியாத்தானே வந்திருக்கு? இது ஒண்ணை மட்டும் எதுக்கு மாத்தணும்? அவனைப் பகைச்சுக்கிட்டு அவங்களுக்கு என்ன ஆகப்போகுது?"

"அப்ப அந்த ஒசாகா மொரிதா?"

சோலையப்பன் ஜலஜாவின் நம்பரை அழுத்தி போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

"மூணே மூணு கேள்விம்மா. தங்கத்துக்கு ஜப்பான் பாஷையில என்ன பேர்? ... சரி. வெள்ளிக்கு? ... இன்னொரு தரம் சொல்லுங்க. ... சரி. நீங்க என்.ஓ.சி. கேட்டது எப்போ? ... சரி."

சொல்லச் சொல்ல, விரலால் காரின் கண்ணாடி மண்ணில் எழுதினார். ஹானி எட்டிப் பார்த்தாள்.

கின் - தங்கம்.
கின் - வெள்ளி.

"சார், வெயில் ஏறிடுச்சு உங்களுக்கு. ஒரே வார்த்தையை ரெண்டு தடவை எழுதியிருக்கீங்க."

"ஒரே வார்த்தை இல்ல. மேல இருக்கிறது கிளியில வர்ற கி. அது தங்கம். கீழ இருக்கிறது கிராமம்னு சொல்றோமே, அந்த கி. அது வெள்ளி. காதுல கேட்டா ரெண்டும் வேற. ஜப்பான்காரன் எழுதினாலும் வேற, இங்கிலீஷ்ல எழுதினாலும் வேற. ரெண்டும் ஒண்ணாப் போறது ஒரே ஒரு எழுத்துலதான்."

ஹானி அந்த இரண்டு வரிகளையும் திரும்பப் பார்த்தாள். முதல் முறையாக அவளிடம் கிண்டல் இல்லை.

"தமிழ்ல."

"ஜலஜா வாயால கேட்டிருந்தா கபீர் கிராமத்து கியைத்தான் கேட்டிருப்பார். நாள் முழுக்க ஹிந்தி பேசற ஆள், அந்த வித்தியாசம் காதுல விழாமப் போகாது. அவர் கேட்டது கிளியோட கி. அப்படின்னா நடுவுல ஒருத்தர் இருக்கார். வெள்ளின்னு காதுல சரியாக் கேட்டு, தமிழ்ல எழுதி வச்சிருக்கார். அப்புறமா அதைப் பார்த்து, கிளியில வர்ற கி மாதிரி வாசிச்சிருக்கார். மொரிதாவுக்குத் தமிழ் தெரியாது. ஜலஜாவுக்கு அதைத் தமிழ்ல எழுத வேண்டிய அவசியமே இல்ல."

ஹானி கைப்பையிலிருந்து அந்த விசிட்டிங் கார்டை எடுத்தாள். அதன் முதுகில் இருந்த முத்து முத்தான எழுத்தைப் பார்த்தாள்.

"சார். இது நம்ம ஆள்."

"ஆமா. நமக்கு வேலை குடுத்தவர்."

"அவர் எதுக்குத் தன் கடை ரகசியத்தைத் தானே எதிரிக்குச் சொல்லணும்? பைத்தியமா?"

"கசிவு எப்பலேருந்து? ரெண்டு மாசம். ஜலஜா என்.ஓ.சி. கேட்டது எப்பன்னு அவங்களைக் கேட்டேன். அதுக்கும் அதே ரெண்டு மாசம்தான்." சோலையப்பன் உள்ளங்கையால் கண்ணாடியைத் துடைத்தார். "கோபத்துல அவங்க சொன்னாங்கன்னு அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். அதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாரு. அவங்களைப் போக விடாம பண்ண ஒரு குற்றம் வேணும். அந்தக் குற்றத்தை அவரே செய்ய ஆரம்பிச்சார்."

ஹானி கார்டை மறுபடி கைப்பைக்குள் வைத்தாள். பிறகு, "அவர் கடையில மட்டும் வெள்ளி வந்துச்சே?" என்றாள்.

"அவர் கடைக்கு ஆர்டர் போட்டது ஜலஜா. கபீருக்குத்தான் இவர் வாயால சொன்னார். சரக்கு வந்து எறங்கினப்பதான் இவருக்கே தப்பு தெரிஞ்சிருக்கும். கபீர்கிட்ட என்ன சொல்லிச் சமாளிச்சிருப்பார்?"

"அந்தப் பொம்பளை நம்ம ரெண்டு பேரையும் ஏமாத்திட்டான்னு." ஹானி கார் கதவைச் சாத்தினாள். "அதான் அந்தக் காக்கா கோர்ட்டுக்கு வர இவ்வளவு அவசரப்படறார்."

*

மறுபடி அவர்களைப் பார்த்ததும் கபீர் கல்லாவிலிருந்து எழுந்தார்.

"போகச் சொன்னேன்ல?"

"போயிடறோம். ஒரு சந்தேகம்" என்றார் சோலையப்பன். "ஜலஜா ஒசாகாவுக்கு எழுதினது வெள்ளி. கலீல் பாய்கிட்ட சொன்னதும் வெள்ளி. அவர் கடையில வந்ததும் வெள்ளி. உங்ககிட்ட மட்டும் தங்கம்னு சொன்னது யாரு?"

"அவதான். சொன்னேனே."

"அவங்க குரல் எப்படி இருக்கும் காக்கா?" ஹானி கேட்டாள். "மெல்லிசா? கட்டையா?"

கபீர் கல்லா மேலிருந்த பில் புத்தகத்தைப் புரட்டினார்.

"அவங்க உங்ககிட்ட பேசினதே இல்ல" என்றார் சோலையப்பன். "பேசினது ஒரு ஆம்பளை. அவர் கடைக்கு வெள்ளி. உங்க கடைக்குத் தங்கம். நான் வேற ஒண்ணும் சொல்லல."

விசிறி தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தது. கபீர் அதன் அடியில் இருந்த பெட்டிகளைப் பார்த்தார். ரோட்டுக்கு அப்பால் கலீல் பாய் கடையைப் பார்த்தார். அங்கிருந்து ஈரானியர் இரண்டு கைகளிலும் பைகளோடு வெளியே வந்துகொண்டிருந்தார்.

"என்னை மொட்டையடிக்கத்தான் செஞ்சாரா?" கபீரின் குரல் அடங்கிப் போயிருந்தது. கத்தலைவிட அது பயமாக இருந்தது. விசிறியைத் தரையில் இறக்கி வைத்தார். தங்கப் பெட்டிகளைக் கை கொள்ளுமட்டும் அள்ளிக்கொண்டு ரோட்டில் இறங்கினார். ஒரு டாக்சி ஹாரன் அடித்து நின்றது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பின்னாலேயே ஓடிக்கொண்டு ஹானி மூச்சு வாங்கினாள். "சார், கலீல் பாய் வேணும்னு மாத்திச் சொல்லலியே. தப்பா வாசிச்சார். அவ்வளவுதானே?"

"வேணும்னு மாத்தினார்னு நானும் சொல்லலியே."

*

கபீர் பெட்டிகளைக் கலீல் பாயின் மேசை மேல் கொட்டினார். இரண்டு பெட்டிகள் உருண்டு தரையில் விழுந்தன.

"இந்தாரும் உம்ம கின் ஓகாமி."

கலீல் பாயின் முகம் ஒரு கணம்தான் மாறியது. "யாரு நீ? என் ஆபீஸ்ல..."

"யாரு நானா? வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை யார்கிட்ட ஓய் போன்ல பேசினீரு? அந்தப் பொம்பளை பேர் கெடணும், நீ சும்மா சரக்கை எறக்கி வாசல்ல வச்சாப் போதும்னு யாரு சொன்னது? அவ மாத்திச் சொல்லிட்டான்னு நீர் சொன்னதை நம்பி, நாயிஃபுக்கு வந்து பொய்ச் சாட்சி சொல்லவே கிளம்பிட்டேனே."

கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. ஜலஜா வாசலில் வந்து நின்றிருந்தாள். அவளை முதலில் பார்த்தது கலீல் பாய்தான். அதற்குப் பிறகு மறைக்க அவருக்கு ஒன்றுமில்லை.

"கெளம்பியிருந்தா என்ன கெட்டுப் போச்சு?" என்றார். அவர் பேசியது சோலையப்பனிடம். ஜலஜாவைப் பார்க்கவில்லை. "கேஸ்னு ஒண்ணு எழுதியாச்சுன்னா எவனும் இவளை வேலைக்கு எடுக்க மாட்டான். அப்புறம் நானே கேஸை வாபஸ் வாங்கிருப்பேன். மன்னிச்சு, இங்கயே வச்சிருப்பேன். சம்பளம் கூடக் கொஞ்சம் ஏத்திக் குடுத்திருப்பேன். என்ன அநியாயம் பண்ணிட்டேன்? இவ போனா இந்தக் கடைக்கு ஜப்பான் இல்ல ஓய்."

"மன்னிச்சு" என்று ஜலஜா அந்த ஒரு சொல்லை மட்டும் திருப்பிச் சொன்னாள்.

"ஊருக்கு போன் பண்ணி எங்க அண்ணன்கிட்ட என்ன சொன்னீங்க? உங்க தங்கச்சி திருடிட்டா, நான் பெரிய மனசு பண்ணிப் போலீசுக்குப் போகாம இருக்கேன்னு. எங்க அம்மா அதைக் கேட்டுட்டு சாப்பிடவே இல்லையாம். மூணு நாளா நான் இந்த ரூம்ல உக்காந்து, எங்க தப்பு பண்ணினேன், யார்கிட்ட உளறினேன்னு என்னையே கேட்டுட்டு இருந்தேன். என்னையே சந்தேகப்பட்டேன்."

கலீல் பாய் சோலையப்பன் பக்கம் திரும்பினார். "உம்மைக் கூப்பிட்டவன் நான். ஞாபகம் இருக்கா? உம்ம லைசென்ஸ்ல என்ன போட்டிருக்கு? சரக்கு சர்வேன்னு. நீர் துப்பறியுதீருன்னு நான் ஒரு வார்த்தை சொன்னா, இவளுக்கு முன்னாடி நீர் உள்ள போவீரு."

"போவேன்" என்றார் சோலையப்பன். "போற வழியில எல்லாத்தையும் சொல்லிட்டுப் போவேன். நாயிஃபுக்கு நடந்தே போயிடலாம். அஸர் பாங்கு சொல்ற நேரம்தான். வாங்க, சேர்ந்தே போகலாம்."

"போலீஸ் எதுக்கு?" என்றார் கபீர். "நான் சப்காவுல ரெண்டு டீக்கடையில உக்காந்து எந்திரிச்சாப் போதும். கலீல் பாய் போன்ல சொல்ற வார்த்தையை நம்பி எவனும் இனிமே ஒரு பெட்டி எடுக்க மாட்டான். பொழுது சாயுற மக்ரிபுக்குள்ள முடிச்சிடுவேன்."

போலீஸ் என்றதற்கு அசையாத கலீல் பாய், இதற்கு அசைந்தார். நாற்பது வருஷம் வாய் வார்த்தையில் நடந்த வியாபாரம். அவர் மேசை மேல் கிடந்த பெட்டிகளைப் பார்த்தார். கபீரைப் பார்த்தார். கபீர் கண்ணை எடுக்கவில்லை.

"என்ன வேணும்?" என்றார் கடைசியில்.

"பாஸ்போர்ட்" என்றாள் ஜலஜா. "என்.ஓ.சி. எங்க அண்ணனுக்கு ஒரு போன். இங்கயே. இப்பவே. நான் கேக்கற மாதிரி."

ஹானி ஏற்கெனவே கம்பெனியின் லெட்டர்பேடை எடுத்துக்கொண்டு டைப்ரைட்டர் முன் உட்கார்ந்திருந்தாள். "இங்கிலீஷ்ல அடிக்கிறேன் முதலாளி. தமிழ்ல அடிச்சா வம்பு."

கலீல் பாய் முதலில் போன் செய்தார். நாகர்கோவிலில் மணி அடித்து யாரோ எடுத்தார்கள். "தப்பு உங்க தங்கச்சி மேல இல்ல" என்று தொடங்கினார். அத்தோடு நிறுத்தப் பார்த்தார். ஜலஜா அவர் எதிரில் கைகட்டி நின்றாள். "என் மேலதான்" என்று முடித்தார். பிறகு இரும்புப் பெட்டியைத் திறந்தார். கையெழுத்துப் போட்டு, முத்திரையை அழுத்தினார். அது தெளிவாக விழவில்லை என்று ஜலஜா இன்னொரு முறை அழுத்த வைத்தாள்.

கபீர் தரையில் விழுந்த பெட்டிகளைப் பொறுக்கிக்கொண்டு அவளிடம் நகர்ந்தார். "தங்கச்சி, அந்த ஜெபல் அலி ஒத்துவரலைன்னா எதிர்க்கடையில எப்பவும்..."

"என்னைத் தெரியாமலே எனக்கு எதிரா சாட்சி சொல்லக் கிளம்பினவர்தானே நீங்க?"

கபீர் பெட்டிகளோடு இறங்கிப் போனார். சோலையப்பன் எழுந்து கதவருகே நின்றார். ஜலஜா பாஸ்போர்ட்டையும் காகிதத்தையும் கைப்பையில் வைத்தாள். ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. ஹானி வந்து, ஒன்றும் சொல்லாமல் அதை இழுத்து மூடினாள்.

"ஜலஜா" என்று கலீல் பாய் கூப்பிட்டார். மூன்று வருஷமாக அவளைக் கூப்பிட்ட அதே குரல். "போறது போற. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ. அடுத்த வாரம் எது போகும்?"

அவள் பையைத் தோளில் மாட்டினாள்.

"நான்" என்றாள். கதவைத் திறந்துகொண்டு படியில் இறங்கினாள்.